பிரேசில் ஓட்டல் தேடும் தம்பிக்கு: கறியை விடுங்க, முதல்ல பயறைப் பாருங்க

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், இதே கேள்வியோட வர்ற மத்தவங்களுக்கும் ஆகும். மதுரை கே.கே. நகர்ல இருந்து அடுத்த மாசம் நியூ ஜெர்சி எடிசனுக்கு வேலைக்கு வர்றீங்க. டீம்ல பாதிப் பேர் பிரேசில்காரங்க. நியூயார்க் சுத்துவட்டாரத்துல நல்ல பிரேசில் ஓட்டலை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நீங்க ஆடு, கோழி, மீன் சாப்பிடுவீங்க. மாடும் பன்றியும் ஆகாது. உங்க வீட்டுக்காரம்மா சைவம், பலகாரத்துல முட்டை கலந்திருந்தா மட்டும் பரவாயில்லை.

பிரேசில் ஓட்டல்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது நீளக் கம்பியில கறியைக் குத்தி மேசை மேசையா கொண்டு வந்து அறுத்துப் போடுற இடம்தான். அது கல்யாண விருந்து மாதிரி. அதை வெச்சு ஒரு ஊர் சாப்பாட்டை எடை போட முடியாது. நம்ம ஊர்ல ஒரு மெஸ் நல்லா இருக்கான்னு பார்க்க, சுக்காவை வாய்ல வைக்கிறதுக்கு முன்னாடி சோத்துல ஊத்துற குழம்பைத்தானே பார்க்கிறோம்? அங்கே அந்த இடத்துல இருக்கிறது பயறு. பிரேசில்காரங்க அன்றாடம் சாப்பிடுறது சோறும் பயறும். பயறுக்கு அவங்க பேர் ஃபேஜாவ்ன். ரியோ பக்கத்து ஆளுக்குக் கறுப்புப் பயறு, சாவ் பாவ்லோ, மினாஸ் பக்கத்து ஆளுக்குப் பழுப்புல கோடு போட்ட ‘கரியோகா’ பயறு. எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதல்ல ஒரு கரண்டி பயறை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. பூண்டு வாசமும் பிரிஞ்சி இலை வாசமும் வரணும். சாறு கெட்டியா, கரண்டி முதுகுல ஒட்டணும். வெந்த பயறுல ஒரு கரண்டியை மசிச்சு, வதக்கின பூண்டு வெங்காயத்தோட சேர்த்துத் திரும்ப ஊத்தினாத்தான் அந்தக் கெட்டி வரும். பயறு முழுசு முழுசா, சாறு தண்ணியா தனியா நின்னா அது டப்பா பயறு, இல்லேன்னா அவசரத்துல செஞ்சது. பயறுல சோம்பல் காட்டுற கடை கறியில மட்டும் அக்கறை காட்டாது. சோறும் ஒரு சாட்சிதான்: எண்ணெய், பூண்டுல அரிசியை வறுத்து வேக வைப்பாங்க, பருக்கை பருக்கையா உதிரணும். குழைஞ்சிருந்தா காலையில வெச்ச சோறு.

இந்தச் சோதனைக்கு ஏத்த இடம் எடைக் கடை. ‘போர் கீலு’ன்னு சொல்வாங்க, கிலோ கணக்குன்னு அர்த்தம், இங்கே அமெரிக்காவுல பவுண்டு கணக்கு, ஒரு பவுண்டு சுமார் 454 கிராம். வரிசையா பாத்திரங்கள் இருக்கும், தட்டை எடுத்து வேணுங்கிறதை வெச்சுக்கிட்டு, கடைசியில தராசுல வைக்கணும். தட்டின் எடையை மெஷின் கழிச்சிடும். நீங்க வெக்கறதுக்கு முன்னாடி திரையில பூஜ்யம் இருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பாருங்க. சோத்துக்கும் சுட்ட கறிக்கும் ஒரே விலைங்கிறதுதான் இதுல சூட்சுமம். வயித்தை நிரப்பச் சோறு அள்ளினா அரிசிக்குக் கறி விலை கொடுக்கிறீங்க. எலும்போட கோழிக்கால் எடுத்தா எலும்புக்கும் காசு. நல்லா சாப்பிடுற ஆளுக்கு முக்கால் பவுண்டுல இருந்து ஒன்றேகால் பவுண்டு வரைக்கும் ஆகும். சில கடைகள்ல சுட்ட கறி சேர்ந்த தட்டுக்கு ஒரு விலை, சேராததுக்கு ஒரு விலைன்னு ரெண்டு எழுதியிருக்கும். பலகையைப் படிச்சுட்டு வரிசையில நில்லுங்க. நம்ம அன்லிமிடெட் சாப்பாடு நினைப்புல மறுசோறு கேக்காதீங்க, ரெண்டாவது தட்டுக்கு மறுபடியும் எடை. நேரம் முக்கியம். பகல் பன்னெண்டுல இருந்து ஒன்றரைக்குள்ள பாத்திரம் காலியாகி மாத்தி மாத்தி வரும். மூணு மணிக்குப் போனா பயறு மேல ஆடை கட்டியிருக்கும், வறுவல் எல்லாம் நமத்துப் போயிருக்கும். மூணு மணிச் சாப்பாட்டை வெச்சு அந்தக் கடையைத் திட்டக் கூடாது.

இடம் சொல்றேன். எடிசன்ல இருந்து உங்களுக்குக் கிட்ட நெவர்க் ஊர்ல அயன்பவுண்ட்னு ஒரு பகுதி. சுத்தி ரயில் தண்டவாளம் போறதால அந்தப் பேர். நார்த்ஈஸ்ட் காரிடார் ரயில் ஏறி நெவர்க் பென் ஸ்டேஷன்ல இறங்கி, கிழக்கு வாசல் வழியா வெளியே வந்தா நடக்கிற தூரத்துல ஃபெர்ரி ஸ்ட்ரீட். ஜெர்சி சிட்டியில இருக்கிறவங்க பாத் ரயில்ல நேரா அதே ஸ்டேஷனுக்கு வரலாம். டிக்கெட் எடுக்கும்போதே கவனம்: மன்ஹாட்டன்லயும் ஒரு பென் ஸ்டேஷன் இருக்கு, அது நியூயார்க் பென். அயன்பவுண்ட் பல காலமா போர்ச்சுகல்காரங்க பேட்டை, பிரேசில்காரங்க பின்னாடி வந்தவங்க. அதனால பலகையில ரெண்டு நாட்டுக் கொடியும் இருக்கிற ஓட்டல் நிறைய. அது ஏமாத்து வேலை இல்ல, ஆனா சமையல் வேற. மெனுவுல முக்கால்வாசி உப்புக் கருவாட்டு மீனும் ஆலிவ் எண்ணெயும் இருந்தா அது போர்ச்சுகல் அடுப்பு. கரியோகா பயறு, மரவள்ளி மாவு, கோழி போட்ட வெண்டைக்காய் இருந்தா பிரேசில் அடுப்பு. நியூயார்க் உள்ளே போகணும்னா குயின்ஸ்ல அஸ்டோரியா, ‘என்’ (N) எழுத்து போட்ட ரயில்ல 36வது அவென்யூ நிறுத்தத்தைச் சுத்தி. மன்ஹாட்டன்ல மேற்கு 46வது தெருவுக்கு ‘லிட்டில் பிரேசில்’னு பலகையே உண்டு, ஆனா பேருக்கு இருக்கிற அளவு கடை இல்ல. அதுக்காக ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

மேப்பில் தேடும்போது ‘பிரேசிலியன் ரெஸ்டாரன்ட்’னு அடிச்சா விளம்பரம் பண்ணத் தெரிஞ்ச பெரிய கடைகள்தான் மேல வரும். போர்ச்சுகீசிய எழுத்துல தேடுங்க. எழுத்துக்கூட்டல் டீம்ல ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கிக்கலாம். ‘கொமீடா பிரசிலேய்ரா’ன்னா பிரேசில் சாப்பாடு. ‘லான்ஷொநேச்சி’ன்னா பலகாரக் கடை. ‘பதாரியா’ன்னா ரொட்டிக் கடை, காலை டிபன் இங்கேதான். ‘மர்மீட்டா’ன்னா டப்பா சாப்பாடு, வேலைக்குப் போற பிரேசில்காரங்க வாங்குறது. மர்மீட்டா விக்கிற கடை அநேகமா நல்ல கடையாத்தான் இருக்கும், ஏன்னா அதே ஆள் தினமும் வந்து வாங்கணும். விமர்சனங்கள்ல ஆங்கிலத்துல எழுதினதை ஒதுக்கிட்டு போர்ச்சுகீசியத்துல எழுதினதை மொழிமாத்திப் படிங்க. ‘கொமீடா கசேய்ரா’ (வீட்டுச் சமையல்), ‘தெம்பேரு’ (தாளிப்பு, பக்குவம்) இந்த ரெண்டு வார்த்தையும் திரும்பத் திரும்ப வந்தா போகலாம். மெனுவுல டாக்கோ, பரிட்டோ கிடந்தா தாண்டிப் போயிடுங்க. அது மெக்சிகோ சாப்பாடு, அங்கே பேசுறது ஸ்பானிஷ், இவங்க பேசுறது போர்ச்சுகீசியம்.

இன்னொரு குறுக்கு வழி, பிரேசில் மளிகைக் கடை. எங்கே ‘பிகாஞா’ன்னு கொழுப்புத் தொப்பியோட கறியும், சாக்குல கரியோகா பயறும், பணம் அனுப்புற கவுன்ட்டரும் ஒரே இடத்துல இருக்கோ, அங்கே இருந்து ரெண்டு தெருவுக்குள்ள நல்ல ஓட்டல் இருக்கும். கறி வெட்டுறவர்கிட்ட கேளுங்க, மத்தியானம் அவர் எங்கே சாப்பிடுறாருன்னு. பிகாஞாங்கிற உச்சரிப்புல அமெரிக்கர்கள் தடுமாறுவாங்க, உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ‘ஞா’ நம்ம ஞாயிறுல வர்ற அதே ஞா.

சரி, கம்பிக் கறிக் கடைக்கும் ஒரு நாள் டீமோட போய்த்தான் ஆகணும். கடை பேர் ‘ஷுஹாஸ்கரியா’, முறைக்குப் பேர் ரொடீசியோ. தலைக்கு ஒரே விலை. மேசையில ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பா வட்ட அட்டை இருக்கும். பச்சை மேல இருக்கிற வரைக்கும் வந்துகிட்டே இருப்பாங்க, போதும்னா திருப்பிடுங்க. அறுக்கும்போது துண்டு கீழே விழாம பிடிக்கச் சின்ன இடுக்கி தருவாங்க. பல பேர் பண்ற தப்பு, முதல் பத்து நிமிஷத்துல சாலட் மேசையில தட்டை நிரப்பி, வர்ற முதல் நாலு கம்பியையும் வாங்கி, நல்ல கறி வரும்போது சிவப்பைத் திருப்பிடுறது. முதல்ல வர்றது பெரும்பாலும் கோழியும் தொத்திறைச்சியும்தான். கூட்டம் நிறைஞ்ச நேரத்துல போங்க. காலி ஹால்ல ஒரே கம்பி நாலு தடவை அடுப்புக்குப் போய்த் திரும்பி, காஞ்ச கறியா வரும். மாட்டுக்கறிக்கு அவங்க போடுறது கல்லுப்பு மட்டும், மசாலா கிடையாது. மதுரை நாக்குக்கு முதல் வாய் சப்புன்னுதான் இருக்கும். ‘தேய்ம் பிமெந்தா?’ன்னு கேட்டா எண்ணெயில ஊறின மலகேட்டா மிளகாய் கொண்டு வருவாங்க, ஊசி மிளகாய் அளவுதான், காரம் நல்லா பிடிக்கும். நமக்கு மிளகாயைக் கொண்டு வந்து கொடுத்ததே போர்ச்சுகீசியர்கள். ஆனா பிரேசில்ல பஹியா பக்கம் தவிர, அது சட்டியில விழாம மேசை ஓரத்துலயே நின்னுபோச்சு.

வேகறதுக்கு மூணு வார்த்தை: ‘மவ் பசாடு’ உள்ளே சிவப்பு, ‘ஆவ் போன்து’ நடுத்தரம், ‘பேய்ம் பசாடு’ நல்லா வெந்தது. ஆட்டுக்கறிக்கும் கடைசி வார்த்தையைச் சொல்லுங்க, இல்லேன்னா நடு ரத்தச் சிவப்பா வரும்.

மாடு சாப்பிடாதவருக்கு ரொடீசியோ காசுக்கு நஷ்டம்னு நேராவே சொல்லிடறேன். அங்கே பெருமைப்பட்டுக் காட்டுற பத்துல ஏழு மாடுதான். உங்களுக்கு மிஞ்சுறது கோழிக்கால், கோழி இதயம் (ஈரல் வறுவல் பிடிச்சவங்க விட மாட்டாங்க), ஆட்டுக்கறி, சுட்ட கோவாலியு பாலாடைக்கட்டி, பட்டைத்தூள் தடவிச் சுட்ட அன்னாசி. கோழியிலயும் கண்ணி இருக்கு: மார்புத் துண்டைப் பன்றிக் கொழுப்புப் பட்டையில சுத்திக் கம்பியில குத்துவாங்க. தொத்திறைச்சி ‘லிங்குவிசா’ பெரும்பாலும் பன்றி. எல்லாக் கம்பியும் ஒரே அடுப்பு, ஒரே கத்தி. ஒட்டவே கூடாதுன்னா அந்த இடம் வேண்டாம். ‘கூப்பீம்’னு ஒண்ணு சொல்வாங்க, அது காளையோட திமில். அலங்காநல்லூர்ல வீரர்கள் பிடிச்சுத் தொங்குறாங்களே, அதேதான். அந்தத் திமில் பிரேசிலுக்குப் போனதே நம்ம பக்கத்து ஊர்ல இருந்து. அங்கே இருக்கிற கறி மாட்டுல பெரும்பகுதி நெலோர் இனம், ஆந்திராவோட ஓங்கோல் மாட்டு வம்சம், நெல்லூர் பேர்ல நிலைச்சுது. டீம்ல பேச்சுக்கு உதவும், தட்டுக்கு வேண்டாம்.

இப்ப முக்கியமான இடம், வீட்டுக்காரம்மா விஷயம். பிரேசில்ல ‘கார்னி’ன்னா கறி, ஆனா பேச்சு வழக்குல அது மாட்டுக்கறியை மட்டும்தான் குறிக்கும். ‘சேய்ம் கார்னி’, அதாவது கறி இல்லாமன்னு சொன்னா, கோழியும் ஹாமும் (பன்றித் தொடைக்கறி) போட்டு மரியாதையா கொண்டு வந்து வெப்பாங்க. அவங்க பொய் சொல்லல, அவங்க கணக்குல அது கார்னி இல்ல. ஒவ்வொண்ணா சொல்லணும்: ‘சேய்ம் கார்னி, சேய்ம் ஃப்ராங்கு, சேய்ம் பேய்ஷி, சேய்ம் பேக்கன், சேய்ம் ப்ரெசூன்து.’ மாடு, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு, ஹாம். இதை அப்படியே போன்ல போர்ச்சுகீசிய எழுத்துல வெச்சுக்கங்க, காட்டினா போதும்.

பயறுலதான் பெரிய ஆபத்து. பல கடைகள்ல தாளிக்கிறதே பன்றிக் கொழுப்பை உருக்கித்தான். மேலே துண்டு மிதக்கலைன்னாலும் அடியில இருக்கும். ‘தேய்ம் பேக்கன் நு ஃபேஜாவ்ன்?’னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க, போன வாரம் இல்லைன்னா இந்த வாரமும் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பொடியா நறுக்கி வதக்கின கீரை ‘கோவி’ பார்க்கச் சைவம், அதுலயும் அதே கொழுப்பு விழும். மரவள்ளி மாவை வெண்ணெயில வறுத்த ஃபரோஃபாவும் அப்படியே. சாலட் மேசையில கேரட், சோளம், உலர் திராட்சை எல்லாம் போட்டு, மேலே குச்சிக் குச்சியா உருளை வறுவல் தூவின ‘சல்பிகாவ்ன்’ இருக்கும்; அதுக்குள்ள நார் நாரா பிச்சுப் போட்ட கோழி. உருளைக்கிழங்கு சாலட்ல ஹாம் இருக்கலாம். கண்ணால பார்த்து நம்பக்கூடாதது இந்த ரெண்டும்தான் முதல்ல.

வீட்டுக்காரம்மாவுக்கு ஆகுறது: வெறும் சோறு, வறுத்த மரவள்ளிக் கிழங்கு, வறுத்த வாழைப்பழம், பனைக் குருத்து ‘பவ்மீட்டு’, சுட்ட பாலாடைக்கட்டி, பாவ்ன் ஜி கேய்ஜு. வாழைப்பழத்தை ரொட்டித்தூள்ல புரட்டி வறுத்தா அதுல முட்டை இருக்கும். பாவ்ன் ஜி கேய்ஜு மரவள்ளி ஸ்டார்ச்சுல பாலாடைக்கட்டி, பால், முட்டை சேர்த்துச் சுட்ட உருண்டை. நம்ம ஜவ்வரிசிக்கு எந்த மாவோ அதே மாவு. சூடா மேல மொறுமொறுப்பு, உள்ளே இழுத்தா நீளணும். மைக்ரோவேவ்ல சூடாக்கினா அஞ்சு நிமிஷத்துல ரப்பர். கண்ணாடிப் பெட்டியில கிடக்கிறதை வாங்காம அடுத்த தட்டு எப்ப வரும்னு கேட்டு நில்லுங்க. சொட்டு வடிவத்துல இருக்கிற ‘கொஷிஞா’ கோழி அடைச்சது. சில கடையில பாலாடைக்கட்டி அடைச்சு விப்பாங்க, ஆனா மேல்மாவைக் கோழிச் சாறுல கிளறியிருக்கலாம், எண்ணெயும் பொது எண்ணெய். ரொடீசியோவுக்கு ரெண்டு பேரும் போனா, பல இடங்கள்ல சாலட் மேசைக்கு மட்டும்னு குறைஞ்ச விலை உண்டு. உக்காருறதுக்கு முன்னாடியே கேக்கணும், பில் வந்தப்புறம் கேட்டா நடக்காது.

ஃபரோஃபாவைப் பத்தி ஒரு வரி. புட்டு மாதிரி இருக்கேன்னு ஸ்பூன்ல அள்ளி வாய்ல போட்டா தொண்டையை அடைச்சுக்கும். பயறுச் சாறு மேல தூவிப் பிசைஞ்சு சாப்பிடுறது.

சனிக்கிழமை ‘ஃபேஜுவாடா’ போட்டிருக்குன்னு டீம்ல குதிப்பாங்க. கறுப்புப் பயறோட உப்புக்கண்டம் போட்ட மாட்டுக்கறி, பன்றிக் காது, கால், வால், தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கா வேகறது. கறியை முந்தின நாளே ஊறப் போட்டுத் தண்ணியை மாத்தி மாத்தி உப்பை இறக்கணும், அதனாலதான் எல்லா நாளும் போட மாட்டாங்க. வழக்கமா புதன், சனி. வாரம் ஏழு நாளும் ஃபேஜுவாடான்னு எழுதியிருந்தா எனக்குச் சந்தேகம் வரும். கூட ஆரஞ்சுச் சுளை வெக்கறது அலங்காரம் இல்ல, கொழுப்பை அறுக்க. உங்களுக்கு அதுல எதுவும் ஆகாது. அன்னிக்கு அதே கடையில ‘ஃப்ராங்கு கோம் கியாபு’ இருக்கான்னு கேளுங்க: மினாஸ் ஊர்க் கோழிக் குழம்பு, வெண்டைக்காய் போட்டது. இந்தப் பக்கத்து பிரேசில்காரங்கள்ல மினாஸ் ஆட்கள் அதிகம், அதனால கிடைக்க வாய்ப்பு உண்டு. சாவகாசமா வதக்கின வெண்டைக்காயா இருந்தா கொழகொழப்பு இருக்காது. மீனுக்கு ‘மொக்கேக்கா’ங்கிற குழம்பு. பஹியா வகையில தேங்காய்ப் பாலும் டென்டே என்கிற சிவப்புப் பனையெண்ணெயும்; எஸ்பிரித்து சாந்து மாநில வகையில ரெண்டும் கிடையாது. முதல் தடவை டென்டே பழகாத வயித்தைக் கலக்கும், பாதித் தட்டோட நிறுத்திக்கங்க. ‘அகராஜே’ எங்கேயாவது கண்ணுல பட்டா விடாதீங்க: தட்டாம்பயறை ஊற வெச்சு, தோல் நீக்கி, வெங்காயத்தோட அரைச்சு, டென்டேயில பொரிச்ச வடை. பிளந்து உள்ளே உலர் இறால் வெப்பாங்க, அதனால இது உங்களுக்கு மட்டும்.

இனிப்புல ‘ப்ரிகதேய்ரு’ கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வெண்ணெய் மூணுதான், முட்டை இல்ல. அந்த மில்க் டப்பா மேல ‘மோசா’ன்னு இருக்கும், தலையில பால் சுமக்கிற பெண் படத்தைப் பார்த்தா தெரியும், நம்ம மில்க்மெய்டுதான். ‘புஜீம்’ முட்டை புட்டிங். மூஸ்ங்கிற நுரை இனிப்பு வகைகள்ல ஜெலட்டின் (விலங்கு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது) இருக்கலாம், கேட்டுட்டு எடுங்க. குடிக்க குவரனான்னு ஒரு பிரேசில் சோடா உண்டு, ஜிகர்தண்டாவை எதிர்பார்க்காதீங்க.

பணக் கணக்கு: ரொடீசியோ தலைக்கு 60 டாலர்னு வைங்க. நியூயார்க் நகரத்துல வரி 8.875 சதம், 5.33 ஆகும், டிப்ஸ் 20 சதம்னா 12. ஆக 77.33. குடிக்கிறதும் இனிப்பும் இதுல சேராது, அதுலதான் பில் ஏறும். நெவர்க்ல வரி 6.625 சதம். எடைக் கடையில நீங்களே தட்டு எடுக்கிறதால டிப்ஸ் கட்டாயம் இல்ல, டப்பாவுல ஒண்ணு ரெண்டு டாலர் போடுவாங்க. நியூயார்க் கடை வாசல்ல சுகாதாரத் துறையோட ஏ, பி, சி எழுத்து ஒட்டியிருக்கும். நியூ ஜெர்சியில எழுத்து இல்ல, ‘சாட்டிஸ்ஃபேக்டரி’ன்னு அட்டை இருக்கான்னு பாருங்க.

வந்த முதல் மாசம் டீம் ஆட்கள் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, ரொடீசியோவுக்கு வேண்டாம், நெவர்க்ல எடைக் கடைக்கு மத்தியானம் போகலாம்னு நீங்களே சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைன்னா பன்னெண்டுக்கே போயிடுங்க. ஒரு மணிக்கு சர்ச் விட்டதும் குடும்பம் குடும்பமா வருவாங்க, அப்புறம் தராசுக்கே வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்.